துணிக்கடையின் பின்வாசல்

அந்தத் துணிக்கடை முதலாளி ஒரு கேள்வியும் கேட்காமல் சரி என்று சொன்னதுதான் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியை. பள்ளியை விட்டுப் போகும் கடைசி வருடத்தில் பிள்ளைகளுக்கு வெளியே ஏதாவது ஒரு வேலையைப் பழக்கிவிடுவது என் பொறுப்பு. வாரத்தில் சில நாள் அவர்கள் கடையிலோ பட்டறையிலோ இருப்பார்கள், மற்ற நாள் வகுப்பில். இடம் தேடி நான்தான் கடை கடையாகப் படியேற வேண்டும். ஏறினால் கேள்விகள் வரும். “திடீர்னு கத்துவாங்களா?” “கஸ்டமர் பயந்துட மாட்டாங்களா?” “ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு டீச்சர் பொறுப்பு?” இவற்றுக்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்கிறவர் அந்தப் பிள்ளையைத் தன் கடைக்குள் நிறுத்தி மனதில் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

லிட்டில் இந்தியாவில் இருந்த இந்த முதலாளி எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. “சூசா ஒண்ணும் இல்ல டீச்சர், ஒரு சிரமமும் இல்ல, அனுப்புங்க” என்றார். “ஒண்ணு மட்டும். காலைல கடை கூட்டமா இருக்கும். வர்றதுக்கு முன்ன ஒரு போன் பண்ணிடுங்க லா.”

முந்தின வருடம் மாக் மண்டினில் ஒரு பட்டறைக்காரரும் இப்படித்தான் உடனே தலையாட்டினார். அங்கே போன மாணவன் ஒரு கருவியைக்கூடத் தொடவில்லை, கழிவறை மட்டும் கழுவிக்கொண்டிருந்தான் என்பது அவன் உள்ளங்கைத் தோல் உரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னிடம் சுலபமாகச் சரி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் இந்தக் கடையைச் சொன்னதே மாணவியின் அம்மாதான். “எனக்குப் பழக்கமான கடை டீச்சர், அங்க கேட்டுப் பாருங்க” என்றார். டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். மகளுக்கு டவுன் சின்ட்ரோம். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். விரல்கள் மிருதுவானவை, பிடியில் பலம் கிடையாது. சட்டைப் பொத்தான் போட்டு முடிக்க வெகுநேரம் ஆகும். வகுப்பில் ஒரு துண்டை மடிக்கக் கொடுத்தால் ஓரங்கள் சேரவே சேராது. ஆனாலும் விடமாட்டாள். உதறிவிட்டு மறுபடி மடிப்பாள்.

அவள் அங்கே சேர்ந்த பிறகு முதல் முறை, சொன்னபடி போன் செய்துவிட்டே பார்க்கப் போனேன். கடைச் சட்டை போட்டு, தலைவாரி, அலமாரி ஓரமாக நின்றிருந்தாள். முதலாளி ஓர் அடுக்குச் சேலையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

“எல்லாம் அவ செஞ்சதுதான் டீச்சர். கை ரொம்ப சுத்தம்.”

மடிப்புகள் கத்தி வைத்து வெட்டியது போல இருந்தன. ஒவ்வொரு சேலையின் ஓரத்திலும் விலைச்சீட்டு நூலால் கட்டப்பட்டிருந்தது. ஒரு முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் வகுப்பில் அவளிடம் ஒரு நூலையும் அட்டையையும் கொடுத்துக் கட்டச் சொன்னேன். நூலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அட்டையை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

“கடையில யாரும்மா கட்டுறா?”

“நான் வேலை.”

“என்ன வேலை?”

“நல்ல வேலை.”

‘என் பெயர் இது, என் வீடு இங்கே இருக்கிறது’ என்று நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களை அவள் ஒப்பிக்கும் அதே ராகத்தில் பதில் வந்தது. இதையும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அன்று முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. வேறு யாரோ மடித்த சேலைகளைக் காட்டுகிறார் என்றால் இவளை என்ன செய்கிறார்? பின்னால் கிடங்கில் வைத்திருக்கிறாரா? எதற்கு? வயதுக்கு வந்த பெண். தனக்கு ஒன்று நடந்தால் அதைச் சொல்லத் தெரியாத பெண். அந்த முதலாளியின் முகத்தை நினைவில் கொண்டுவந்து அதில் கெட்டது ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய, கடைக்காரர் முகம்.

அவள் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். “வீட்டுலதான் டீச்சர் இருக்கேன், சமைச்சிக்கிட்டு” என்றார். அவர் குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. டத்தோ கிராமாட் மாடிவீட்டில் எந்தச் சமையலறையிலும் கேட்காத சத்தம். அந்தத் துணிக்கடை இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டில் பாட்டு விற்கும் கடைகள் வாசலில் வைத்து அலறவிடுகிற சத்தம். போனை வைத்தேன். இப்போது அம்மாவையும் நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் வகுப்பைச் சக ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, போன் செய்யாமல் போனேன். முன்வாசல் பக்கம் போகவில்லை. பின்சந்து வழியாக, சாக்கடை ஓரம் குவிந்து கிடந்த அட்டைப் பெட்டிகளைத் தாண்டிப் போனேன். கடையின் பின்கதவு பாதி திறந்திருந்தது. என்னவெல்லாமோ பார்க்கத் தயாராகித்தான் எட்டிப் பார்த்தேன்.

தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார் அம்மா. சுற்றிலும் சேலைகள். வாயில் நூலைக் கடித்துக்கொண்டு விலைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தார். மகள் கடைச் சட்டையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். கைகள் மடியில். எதிர்ச் சுவரில் ஒன்றுமில்லை. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை முதலில் பார்த்தது அவள்தான். “டீச்சர்!” என்று எழுந்தாள்.

அம்மா எழவில்லை. வாயிலிருந்து நூலை எடுத்தார். “முன்னவே போன் பண்ணியிருக்கலாமே டீச்சர்” என்றார்.

“பண்ணியிருந்தா இதப் பாத்திருக்க மாட்டேனே அக்கா.”

அவர் முகம் சிவந்தது. அழுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டார். “என்ன பாத்துட்டீங்க இப்ப? ஸ்கூல் முடிஞ்சா உங்க பொறுப்பு முடிஞ்சிரும். உங்களுக்கு ரிப்போர்ட்ல ஒரு பிள்ளைக்கு வேலை கிடைச்சிருச்சுன்னு எழுதணும். போட்டோ எடுக்கணும். அப்புறம் இவ எங்க போனான்னு யாரு வந்து கேப்பீங்க? இவ செய்யல, லேட்டாகுதுன்னு ரெண்டு வாரத்துல அனுப்பிட்டா வீட்டுச் சுவரப் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருப்பா.”

“இப்பவும் சுவரத்தானே பாத்துக்கிட்டு இருக்கா?”

நான் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி ஓடிவந்தார். “நானா கேட்டேன்னு நெனைக்காதீங்க டீச்சர். நீங்க வர்றதுக்கு முன்னாடியே அக்கா வந்து பேசிட்டாங்க. மக வேலைய நான் பாத்துக்கிறேன், டீச்சருக்குத் தெரிய வேணாம்னு கெஞ்சினாங்க. பாவமா இருந்துச்சு லா.” பாவப்பட்டாரா, நல்ல கைவேலைக்காரி ஒருத்தி சும்மா கிடைத்தாள் என்று கணக்குப் போட்டாரா? அன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

அவளை அங்கிருந்து அழைத்துப் போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளிடம் கேட்டேன், “ஸ்கூலுக்குப் போவோமா?” அவள் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக் காட்டினாள். கடையின் பெயர் தைத்திருந்த இடம். “நான் வேலை” என்றாள். இந்த முறை ராகம் இல்லை.

அதனால் அங்கேயே நின்று முதலாளியோடு மல்லுக்கட்டினேன். முடிச்சு வேண்டாம், பெரிய கடைகளில் பிளாஸ்டிக் இழையால் சீட்டைக் குத்தி மாட்டுகிற கைப்பொறி இருக்கிறதே, அதை வாங்குங்கள் என்றேன். “பட்டு ஓட்டையாயிடும் டீச்சர்!” என்று பதறினார். பட்டைத் தொட வேண்டாம், கைலி, நைட்டி, குழந்தைத் துணி போதும் என்றேன். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். அந்தத் தயக்கம்தான் எனக்கு முதல் முறையாக நிம்மதி கொடுத்தது.

கைப்பொறியை அவள் ஒரு கையால் அழுத்த முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்து அழுத்தினாள். டக்கென்று சத்தம் வந்ததும் சிரித்தாள். முதலில் நைட்டியின் கையும் உடம்பும் சேர்த்துத் தைத்ததுபோல மாட்டிவிட்டாள். கழுத்துப்பட்டையில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் மட்டும் குத்த வேண்டும் என்று பழகப் பல நாள் ஆயிற்று. நான் பக்கத்தில் இருந்து பழக்கினேன். முதலாளி அவ்வப்போது எட்டிப் பார்த்து முனகினார். முனகிக்கொண்டே பழுதான துணியைச் சலுகை விலைக் கூடையில் போட்டார்.

அம்மா கடைக்குள் வரக்கூடாது என்பது என் நிபந்தனை. ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டார் என்று நான் நம்பவில்லை. அதனால் அவளைத் தனியே விட்ட முதல் காலையில், எதிர்வரிசைக் கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தேன். சற்று நேரத்தில் அடுத்த தூணுக்குப் பின்னால் ஒரு சேலை முந்தானை தெரிந்தது. அம்மா.

“நீங்க ஏன் டீச்சர் நிக்கிறீங்க?” என்றார்.

“நீங்க வருவீங்கன்னுதான்.”

“நீங்க போட்டோ எடுக்க வருவீங்கன்னு நான் நெனச்சேன்.”

இரண்டு பேரும் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். தெருவைத் தாண்டி எங்கள் பக்கம் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே பார்த்துவிட்டு நேரே எங்களிடம் வந்தாள்.

“அம்மா வீட்டுக்கு” என்று கையை நீட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். “டீச்சர் ஸ்கூலுக்கு.”

நாங்கள் நகரும்வரை அவளும் நகரவில்லை.

அம்மா அழுதது அப்போதுதான், பஸ் நிறுத்தத்தில். மகள் தன்னை வெளியே அனுப்பியது அவருக்கு வலித்தது. சில மாதங்களில் அவர் வேறு கடைகளுக்குச் சேலை ஓரம் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். வீட்டில் சும்மா இருந்தால் கால் தானாக லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடும் என்றார்.

பள்ளி முடிந்த பிறகும் அவள் அங்கேயே வேலையில் இருக்கிறாள். என் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு முன் முதலாளி தன் கடையின் இணையப் பக்கத்தில் அவளோடு சிரித்து நிற்கும் படத்தைப் போட்டிருந்தார். பெருமையா, விளம்பரமா என்று நெடுநேரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவும் பார்த்திருப்பார்.

கடைசியாகப் போனது ஒரு சனிக்கிழமை. போன் செய்யாமல்தான். அவள் விற்பனைப் பெண்கள் இருவரோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். மூவரும் எதற்கோ சிரித்தார்கள், எனக்குப் புரியாத ஏதோ கடைச் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“டீச்சர், பசியாறியாச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“நான் பசியாறப் போறேன்” என்றாள். உடன் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை. ஐந்தடி நடைபாதை ஓரமாக மூவரும் மீ நூடுல்ஸ் கடை இருந்த முனைக்கு நடந்து போனார்கள்.