காம்பராவுக்கு ஒரு ஆள்

மருதாயிக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பன்னிரண்டு வயதில் அவிசாவளையில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனவள், அந்தப் பிள்ளை எழுதப் பழகியபோது தானும் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டாள். ஏழு வருட உழைப்பில் கையோடு கொண்டுவந்தது அது ஒன்றுதான். பிறகு தெரணியகலைக்கு மேலே ஊராகந்த தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த கன்னையாவைக் கட்டினாள். அவளும் கத்தி பிடித்தாள். விடியலில் முந்நூறு மரம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை, கூலியும் இல்லை.

அவர்கள் இருந்தது மேல் லயம். வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றை அறை, காம்பரா என்பார்கள். முதுகுப் பக்கம் செங்குத்தாக மலை. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். நாலு தலைமுறை குடியிருந்தாலும் காம்பரா தோட்டத்தின் சொத்து. அங்கே இருக்கிற யாராவது ஒருவருக்குச் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பேர் இருக்கவேண்டும். பேர் வெட்டுப்பட்டால் காம்பராவும் போகும். இந்தச் சட்டத்தை யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்கு 2003 கற்றுக்கொடுத்தது. அதற்கு முந்தின வருடம் கன்னையா சரிவில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டான். அவன் பேரை வெட்டினார்கள். அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றதில் மருதாயியும் பேரை இழந்து, பதிவில்லாமல் அன்றாடக் கைக்காசுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். மே மாதம் வானம் பிளந்து ஊற்றியபோது, கிராம சேவகர் வந்து மேல் லயத்தாரை மொத்தமாகப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார். பதினொரு நாள். மழை விட்டுத் திரும்பி வந்தால், மூன்று காம்பராவில் புதுப் பூட்டு. மூன்றும் பேர் இல்லாத காம்பரா. அதில் ஒன்று மருதாயியுடையது. பாத்திரம் பண்டமெல்லாம் வாசலில் நனைந்து கிடந்தது. ஆள் உள்ளே இருந்தால் வெளியேற்ற பொலிசு வேண்டும், நோட்டீசு வேண்டும். ஆள் இல்லாத காம்பராவுக்குப் பூட்டு ஒன்று போதும்.

நாலு மாதம் அவர்கள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை முன்பு விட்டுவைத்த பழைய பிள்ளைக்காம்பராவில் கிடந்தார்கள். மருதாயி தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காலில் விழாத குறையாக நின்று தன் பேரைப் பதிந்த பிறகுதான் கதவு திறந்தது. தொழிற்சங்கத்துக்குச் சொன்னார்கள். சங்கம் ஒரு கடிதம் எழுதியது. மேல் லயத்துக்கு நடந்த முதல் பயிற்சி இதுதான். ஒரு சதம் செலவில்லாமல் நடந்தது, பன்னிரண்டு காம்பராவும் நன்றாகப் படித்துக்கொண்டது.

இரண்டாவது பயிற்சி 2006 கடைசியில் வந்தது. கடல் வந்து கரையோரத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு, அனர்த்தம் என்ற சொல்லுக்கு அரசாங்கத்தில் தனியாகப் பணம் ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். மண்சரிவு இடங்களில் சனங்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டுமாம். மாவட்டத் தலைநகரான கேகாலையிலிருந்து நிலாம் என்ற இளைஞன் வந்தான். மாவனல்லைப் பக்கத்து ஆள், தமிழ் பேசுவான் என்பதால் தோட்டங்களுக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். நல்ல பொடியன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லயம் வரைக்கும் ஏறி வந்தான்.

மலையைப் பார்த்ததுமே நிலாமுக்கு விளங்கிவிட்டது. லயத்துக்கு மேலே ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் பாதி ஆபத்துக் குறையும் என்று மருதாயியிடம் சொன்னான். கீழே கிராமத்தில் அப்படி ஒரு கான் அந்த வருடம்தான் வெட்டியிருந்தார்கள். இங்கேயும் வெட்டலாமே என்று அவள் கேட்டாள். தோட்டத்து எல்லைக்குள்ளே பிரதேச சபைக் காசு வரக்கூடாது, சட்டம் அப்படி என்றான். தோட்டத்து நிலத்தில் மண்வெட்டி போட அரசாங்கக் காசுக்கு உரிமை இல்லை. தோட்டத்து ஆளுக்கு அறிவு கொடுக்க உரிமை உண்டு.

அறிவு கொடுத்தார்கள். கோயிலை ஒட்டிய கொட்டகையான மடுவத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. நாற்பது பேர் கையெழுத்து வைத்தால்தான் செலவுச் சீட்டு பாஸாகும், அதனால் சோற்றுப் பார்சலும் தொப்பியும் கொடுத்தார்கள். சுவரில் வெடிப்பு, சாயும் மரம், சேறாக வரும் ஊற்று என்று படம் காட்டினார்கள். அதெல்லாம் லயத்தாருக்குப் படம் பார்க்காமலே தெரியும். சிங்களம் தெரிந்தவள் என்று மருதாயியைக் குழுத் தலைவியாக்கி, மழை அளக்கும் போத்தலையும் ஒரு ஒலிபெருக்கியையும் அவள் கையில் கொடுத்தார்கள்.

கன்னையா அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். "மலை விழுந்தா தொப்பி தாங்குமான்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டியா?" என்றான்.

"உங்க தலைக்குத் தாங்கும். உள்ள ஒண்ணும் இல்லையே" என்றாள் மருதாயி.

ஒத்திகையும் நடந்தது. மருதாயி ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள், பன்னிரண்டு குடும்பமும் இறங்கிக் கீழே, காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றது. அவள் கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். அந்தக் காம்பராவில் மூத்தவர் "காலி" என்று சொல்ல வேண்டும், அவள் புள்ளடி போட வேண்டும். பதினேழு நிமிடம், தொண்ணூற்றிரண்டு பேர். நிலாம் படம் எடுத்துக்கொண்டான். வெயில் நாள், மலையும் சும்மா இருந்தது. கதவுகளைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார்கள்.

மருதாயி அந்தப் போத்தலை விளையாட்டாக எடுக்கவில்லை. காலையும் மாலையும் அளந்து கொப்பியில் எழுதினாள். மேல் லயத்தில் ஒரு உயிரும் மண்ணுக்குள் போகக்கூடாது என்று தனக்குள்ளே ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் கன்னையா சிரிப்பான்.

2007 மே கடைசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் போத்தல் இரண்டாம் முறை நிரம்பியது. ஏழாம் காம்பராவின் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மருதாயி ஒலிபெருக்கியை எடுத்தாள். கேகாலையிலிருந்து உத்தரவு வரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

சனங்களும் மறுக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கினார்கள், மூட்டைகளைத் தலையில் வைத்தார்கள், இறங்கினார்கள். மருதாயி வீட்டுக்குள் ஓடினாள். கன்னையா கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிங்க."

"நீ போ. நான் இருக்கேன்."

"ஏழாம் காம்பரா சொவரு வெடிச்சிருக்கு. காது கேக்கலியா?"

"கேக்குது. மறுபடி நாலு மாசம் பிள்ளைக்காம்பராவுல கெடக்க என் இடுப்புக்கு ஏலாது. பேரு இன்னைக்கு இருக்கும், நாளைக்கு வெட்டுவான்; ஆள் இருக்குன்னா பூட்டமாட்டான். போ, சனம் நிக்குது."

அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளைத் தள்ளவில்லை, எழும்பவும் இல்லை. மழை விட்டதும் வந்து தேத்தண்ணி ஊத்து என்று மட்டும் சொன்னான். கீழே பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது. மருதாயி கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

பெரட்டுக்களத்தில் கொப்பியை விரித்தாள். ஒன்றாம் இலக்கம் காலி. இரண்டாம் இலக்கம் காலி. மூன்றாம் இலக்கம் காலி. நாலாம் காம்பராக்காரி சுமித்ரா கைப்பிள்ளையோடு நின்றாள். காலி என்று சொல்லும்போது அவள் மருதாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய மாமனார் கூட்டத்தில் இல்லை. மருதாயிக்கு அது கண்ணில் பட்டது. பட்டும் புள்ளடி போட்டாள். ஏனென்றால் அடுத்த இலக்கம் அவளுடையது. ஐந்தாம் இலக்கம் என்று தானே வாசித்து, காலி என்று தானே சொல்லி, தானே புள்ளடி போட்டாள். பன்னிரண்டும் காலி.

நாலு மணி போல மலை வந்தது. வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம், பிறகு தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் லயமே இல்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நின்றது. அந்த ஐந்து காம்பராவிலிருந்தும் ஐந்து பேர் சேறு பூசிக்கொண்டு வெளியே வந்தார்கள். பெரட்டுக்களத்தில் நின்ற சனம் அவர்களை எண்ணியபோதுதான் விசயம் வெளிச்சத்துக்கு வந்தது. காம்பராவுக்கு ஒரு ஆள். யாரும் யாரோடும் பேசி வைத்துச் செய்யவில்லை. பன்னிரண்டு குடும்பமும் தனித்தனியாக ஒரே கணக்கைப் போட்டிருந்தது. கிழவர்கள், நோயாளிகள், நடக்க ஏலாதவர்கள்; உழைக்க முடியாதவர்கள் காம்பராவைக் காத்தார்கள்.

மண்ணைத் தோண்ட மூன்று நாள் ஆனது. கன்னையாவை இரண்டாம் நாள் எடுத்தார்கள். மருதாயி அழுதாளா இல்லையா என்று லயத்தில் பேச்சு நடந்தது. அவள் கொப்பியைப் பள்ளிக்கூடத்தில் மூட்டியிருந்த அடுப்பில் போட்டதை மட்டும் சுமித்ரா பார்த்தாள்.

கேகாலைக்குப் போன அறிக்கையில், பயிற்சியின் பயனாகத் தொண்ணூற்றிரண்டு பேரில் எண்பத்தைந்து பேர் காப்பாற்றப்பட்டதாக எழுதியிருந்தது. நல்ல பெறுபேறு. அதனால் இரண்டாம் கட்டத்துக்கும் காசு கிடைத்தது. தோட்டம் தன் பங்குக்கு, மண்ணைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் ஏழு தகரக் காம்பரா அடித்துக் கொடுத்தது. வேறு நிலத்துக்குத் தலைமை ஆபீசின் அனுமதி வர வேண்டும் என்றார்கள்.

டிசம்பர் ஆரம்பத்தில் நிலாம் மறுபடி மடுவத்துக்கு வந்தான். கையால் சுற்றும் சைரன் ஒன்றும், நாற்பது புதுத் தொப்பியும், கையெழுத்துத் தாளும் கொண்டுவந்தான். சைரன் இரண்டு மைலுக்குக் கேட்கும் என்று விளக்கினான். மருதாயி எழுந்தாள்.

"தம்பி, எங்களுக்குத் தெரியாமயா செத்தாங்க?"

நிலாம் சைரனைக் கீழே வைத்தான்.

"சைரன் வேணாம். மழைக்கு எறங்கினா காம்பராவைப் பூட்டமாட்டோம்னு தோட்டத்து தொரைகிட்ட ஒரு கடுதாசி வாங்கிக் குடுங்க. எழுத்துல. சீல் குத்தி."

"அது இந்தக் காசுல வராது அக்கா. இது விழிப்புணர்வுக்கு மட்டும் ஒதுக்கினது. கடிதம் வாங்குற அதிகாரம் எனக்கு இல்ல."

"அப்ப கையெழுத்து இல்ல."

அவள் உட்கார்ந்தாள். தாள் கையிலிருந்து கைக்குப் போய், வெறும் தாளாகவே நிலாமிடம் திரும்பி வந்தது. சோற்றுப் பார்சலையும் யாரும் தொடவில்லை. பசி இல்லாமல் இல்லை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் நிலாம் செலவு காட்டாவிட்டால் காசு அரசாங்கத் திறைசேரிக்குத் திரும்பிவிடும். அவனும் ஒப்பந்த வேலைக்காரன்தான். மருதாயிக்கு அது தெரியும். பாவப்பட்ட பொடியனின் கழுத்தைப் பிடிக்கிறோம் என்றும் தெரியும். பிடிப்பதற்கு வேறு கழுத்து எட்டவில்லை.

மூன்று வாரம் அவன் அலைந்தான். பிரதேச செயலாளரைப் பிடித்து, அவர் தொரையைப் பிடித்து, இருபத்தெட்டாம் திகதி கடிதம் வந்தது. இங்கிலீசிலும் சிங்களத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. மருதாயி சிங்களத்தை விரல் வைத்து வாசித்தாள். அனர்த்த எச்சரிக்கையின்போது வெளியேறும் குடும்பங்களின் அறைகள் ஏழு நாள் வரை வேறு எவருக்கும் வழங்கப்படமாட்டாது.

"மழை ஏழு நாளுல விடும்னு தொரைக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான் எடுக்க ஏலுமாயிருந்திச்சி அக்கா" என்றான் நிலாம்.

சனம் அவளைப் பார்த்தது. அவள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். முழுசாகக் கிடைக்கும்வரை நின்றிருக்க வேண்டும் என்று பிறகு சிலர் பேசினார்கள். அவர்களும் அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நின்று கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

2008 ஜூனில் மழை பிடித்தது. இந்தத் தடவை மருதாயி பெரட்டுக்களத்தில் நின்று யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் தானே நுழைந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், சாக்குக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். எட்டாம் காம்பராவில் ஒரு கிழவி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கிழவி வழி முழுக்க அவளைத் திட்டினாள், காம்பராத் திருடி என்றாள். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள், மேலே ஒரு ஆளும் இல்லை.

ஏழு நாள் போனது. மழை போகவில்லை. எட்டாம் நாள் காலையில் பள்ளிக்கூடத்திலிருந்த ஆண்கள் மேலே பார்த்தபடி நின்றார்கள். ஒரு ஆள் மட்டும் போய் உட்கார்ந்திருந்தால் என்ன என்று பேச்சு எழும்பியது. மருதாயி குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறும் படியடிக்குப் போனாள். சனமும் பின்னால் வந்தது.

கணக்கப்பிள்ளை அங்கே ஏற்கெனவே நின்றார். காக்கிக் கால்சட்டை, ரப்பர் சப்பாத்து, கையில் ஒரு பை. பைக்குள் பூட்டுகள் இரும்புச் சத்தம் போட்டன. அவருக்கும் உத்தரவுதான்.

மருதாயி படியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"போங்க ஐயா. மேல போய்ப் பூட்டுங்க. பன்னெண்டு கதவு. நாங்க யாரும் மறிக்கமாட்டோம்."

கணக்கப்பிள்ளை மேலே பார்த்தார். தகரக் காம்பராக்களுக்குப் பின்னால் சேற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சின்னச் சின்னக் கல் உருண்டு தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. அவர் ஒரு படி ஏறினார். நின்றார்.

"மழை கொஞ்சம் விடட்டும்" என்றார்.

"ஏன் ஐயா, ஏழு நாள்னுதானே கடுதாசி? இன்னைக்கு எட்டு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவர்தான். கணக்கப்பிள்ளை பையைக் கீழே வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டு ஆபீசுப் பக்கம் நடந்தார். ஒன்பதாம் நாளும் வந்து பார்த்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் வரவேயில்லை.

பதினோராம் நாள் வெயில் அடித்தது. எந்தக் கதவிலும் பூட்டு இல்லை, எந்தக் குடும்பத்திலும் ஆள் குறையவில்லை. மருதாயி எல்லாரையும் எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். பிறகு சனம் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதே மலைக்கு அடியில், அதே காம்பராக்களுக்கு ஏறிப்போனது. கானுக்குக் காசு இன்னும் வரவில்லை.