அறுபத்தொன்றாவது நொடி

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கணினி ஒன்பது முறை அணைந்தது. ஒன்பது முறையும் ஒரே மாதிரிதான். தொலைபேசி வயரை மோடத்தில் செருகுவேன். அது கீச்சிட்டுக் கரகரத்து இணையத்தைப் பிடிக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் திரையின் நடுவே ஒரு சிறு பெட்டி தோன்றும். இயந்திரம் அணையப் போகிறது, கையிலுள்ள வேலையைச் சேமித்துக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதன் கீழே அறுபது. பிறகு ஐம்பத்தொன்பது. பிறகு ஐம்பத்தெட்டு.

நானும் அதோடு சேர்ந்து எண்ணினேன். எண்ணுவது என் சுபாவம். முப்பத்து மூன்று வருடம் அதுவே உத்தியோகமாகவும் இருந்தது. புள்ளியியல் துறையில் இருந்தேன். சமயநல்லூர்ப் பக்கத்து வயல்களில் அறுவடைக்கு முன் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவோம். அப்படிப்பட்ட சில சதுரங்களை வைத்து மாவட்டத்தின் விளைச்சலைச் சொல்லிவிடுவோம். நான் நின்றுவிட்டு வந்த சதுரத்தில் வெறும் தாள்கட்டை மிஞ்சியிருக்கும். எடுத்தால் குறையும் என்பதை என் தொழிலில் யாரும் தனியாகச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஓய்வு பெற்றுத் திருப்பரங்குன்றத்தில் வீடு கட்டி வந்த பிறகு, இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்த என் மகள் அந்தக் கணினியை வாங்கி மாடி அறையில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மலை. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாதகத்தோடு பெண்ணின் புகைப்படமும் கொடுப்போம். ஒத்துவரவில்லை என்றால் படத்தைத் திருப்பி வாங்கிவிட வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணின் படம் அந்நியர் வீட்டு அலமாரியில் கிடக்கக் கூடாது என்பதில் என் மனைவி கறாராக இருந்தாள். ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடங்களில் பேச்சு நடக்கும் என்பதால் நான் பத்துப் பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எண் போட்டிருந்தேன். பத்துக் குடும்பங்களுக்குப் பத்துப் படங்கள். ஒன்பது திரும்பி வந்தன. ஏழாம் எண் மட்டும் வரவில்லை. எட்டு மாதமாக அந்த ஏழு என்னைத் தின்றுகொண்டிருந்தது.

பதினொன்றாவது குடும்பம் சென்னையில். அவர்கள் படத்தை மின்னஞ்சலில் கேட்டார்கள். கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து அனுப்பினேன். பத்து நாளில், ஜாதகம் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. நான் உடனே மரியாதையாக எழுதினேன்: எங்கள் பெண்ணின் புகைப்படத்தைத் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். அவர்களும் மரியாதைக்காரர்கள். மறுநாளே அதே படத்தை இணைத்து அனுப்பிவிட்டார்கள். நான் நிம்மதியாக, ‘வந்து சேர்ந்தது’ என்று குறித்துக்கொண்டேன்.

மகளிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, அவங்க அனுப்புனாலும் அது அங்கயும் இருக்கும்பா.”

“அதான் அனுப்பிட்டாங்களே.”

“நீங்க அனுப்புனீங்களே, நம்மகிட்ட இல்லாமப் போச்சா?”

நான் போய்ப் பார்த்தேன். இருந்தது. கொடுத்தாலும் கைவிட்டுப் போகாத ஒரு பொருளை நான் அதுவரை கண்டதில்லை. அப்படியென்றால், ஒருவன் திருடிக்கொண்டு போனாலும் என் கணக்கில் ஒன்றுகூடக் குறையாது. எண்ணிப் பார்த்துத் திருட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதற்கிடையில் இன்னொரு காரியம் செய்து வைத்திருந்தேன். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதை இறக்கும்போது ஒப்பந்தம் என்று நீளமாக ஒன்று வந்தது. முதல் நான்கு பக்கத்தைப் படித்தேன். இவ்வளவு விவரமாக எழுதிச் சம்மதமா என்று கேட்பவனிடம் இல்லை என்று சொல்வது அநாகரிகமாகப் பட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். மகளின் பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம் எல்லாவற்றையும் அதில் தட்டினேன். அந்த வாரமே விளம்பரச் சன்னல்கள் திறக்க ஆரம்பித்தன. ஒன்றை மூடினால் இரண்டு வரும். ஒரு காலையில் பதினான்கு எண்ணினேன். அடுத்து இந்த அறுபது நொடிப் பெட்டி.

ஒன்பதாவது முறை அணைந்ததும் கணினி பழுது பார்ப்பவருக்குத் தகவல் சொன்னோம். எங்கள் ஊரின் பழைய பகுதியில் கோயிலுக்குக் கிழக்கே ஒரு சந்தில் கடை வைத்திருந்த பாய் அவர். நாற்பது வயதிருக்கும். அவருக்கு வெள்ளிதான் ஓய்வு, ஞாயிறு வேலைநாள். மொபெட்டில், தோளில் ஒரு சிடி பையோடு வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தொலைபேசி வயரைப் பிடுங்கினார்.

“இத மாட்டியே வச்சிருந்தீங்களா சார்? வாசலத் திறந்து போட்டுட்டு உள்ள திருடனத் தேடுனா எப்படி?”

“ஒரு போட்டோ அனுப்புறேன்னு வீட்டையே ஊருக்குத் திறந்து விட்டுட்டாரு தம்பி” என்றாள் மனைவி, அறை வாசற்படியில் நின்றபடி. “நாலு நாளா எங்க அக்கா போன் பண்ணி லைனே கிடைக்கலயாம்.”

அவர் ஒரு சிடியைப் போட்டுச் சோதனையை ஓட விட்டார். திரையின் அடியில் கோப்புகளின் பெயர்கள் ஓடின, ஒரு நொடிக்கு எத்தனை என்று என்னால் எண்ண முடியாத வேகத்தில். பக்கத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. ஐயாயிரம். பன்னிரண்டாயிரம். முப்பதாயிரம். அந்தக் கணினியில் நான் உண்டாக்கிய கோப்புகள் நாற்பத்தொன்று. மீதியெல்லாம் யாருடையவை? என் வீட்டு மாடியில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், நான் அறியாத முப்பதாயிரம் பொருள்கள் குடியிருந்திருக்கின்றன. குன்றின் மேல் ஏறி நின்று முதன்முதலாக மதுரையைப் பார்த்தபோது, இத்தனை கூரைகளா என்று வாயடைத்துப் போனேன். அதே மாதிரி நின்றேன்.

“இது ரெண்டு சீக்கு சார்” என்றார் பாய். “அறுபது செகண்டுல அணைக்கிறது புழுன்னு ஒரு வைரஸ். நீங்க எதையும் தொடவேண்டாம், லைன் கிடைச்சதும் அதுவா கதவத் தட்டித் தட்டி வந்துரும். இன்னொன்னு நீங்களா கூப்பிட்டு உக்கார வச்சது. அந்த ஜாதகத்தோட சேந்து வந்திருக்கு. நீங்க எந்த எழுத்தத் தட்டுனாலும் குறிச்சு வச்சுக்கிட்டு, லைன் கிடைக்கிறப்ப எங்கயோ அனுப்பும்.”

“எல்லா எழுத்தையுமா?”

“அழிக்கிற பட்டன அழுத்துனாக் கூட.”

“எவனுக்கு அனுப்பும்?”

“அது அனுப்புனவனுக்கே தெரியுமோ என்னமோ சார்.”

நான் எண்ணுகிறவன். என் ஒவ்வொரு தட்டலையும் தட்டுத் தவறாமல், அலுக்காமல், ஒருவன் எண்ணியிருக்கிறான். எனக்கு வந்தது கோபமா என்று இன்றுவரை தெளிவில்லை. என்னைவிடப் பெரிய கணக்கனின் முன்னால் நிற்கும் கூச்சம் அதில் பாதிக்கு மேல் இருந்தது.

“கதவுன்னீங்களே, இதுல எத்தன கதவு?” என்று கேட்டேன்.

“போர்ட்டும்பாங்க சார். அது இருக்கும் அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம்.”

“சொச்சம் எவ்வளவு?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “ஐநூத்தி முப்பத்தஞ்சு.”

“மீனாட்சி கோயிலுக்கே பெரிய வாசல் நாலுதான்” என்றாள் மனைவி. “இந்தப் பெட்டிக்கு எதுக்கு இம்புட்டு?”

“நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்மா” என்றார் அவர்.

மகள் காப்பி கொண்டுவந்தது அந்தச் சமயத்தில்தான். சோதனை ஓரிடத்தில் தயங்கி, ஒரு கோப்பின் பெயரைப் பெரிதாகக் காட்டி நின்றது. நான் ஆங்கில எழுத்தில் தமிழாக வைத்த பெயர்: பெண் பார்த்தவர்கள்.

பதினொரு குடும்பத்தைப் பற்றிய பட்டியல் அது. வந்த நாள், வந்தவர்கள் எத்தனை பேர், படத்தின் எண். கடைசிக் கட்டத்துக்கு ‘சொன்ன காரணம்’ என்று தலைப்பு. தரகரிடமும் உறவுக்காரர்களிடமும் விசாரித்து எழுதியது, மகளுக்குச் சொல்லாதவை. நிறம் பத்தாது. வேலையை விடமாட்டாள் போல. பேச்சு அதிகம். பல்வரிசை.

“அதத் திறங்க” என்றாள் மகள்.

பாய் காப்பியை ஒரே வாயில் குடித்தார். “வண்டியில ஒரு சிடி இருக்கு, எடுத்துக்கிட்டு வாரேன்” என்று இறங்கிப் போனார். அவர் பையில் எல்லா சிடியும் இருந்தது எனக்குத் தெரியும்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். கீழே தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போயிற்று. வாழ்க்கையில் முதல் முறையாக நான் பெட்டிகளை எண்ணவில்லை.

“இது வெளிய போயிருக்குமாப்பா?”

“தெரியலம்மா. போயிருந்தாலும் இங்க குறையாது. கண்டுபிடிக்க வழியில்ல” என்றேன். ஏதோ ஓர் ஊரில் எவனோ ஒருவன் என் மகளின் முகத்தையும் அதன் கீழே இந்தப் பதினொரு வரியையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அதைச் செய்து கொடுத்தவன் நான். ஜாதகத்தோடு வந்தது தன் வேலையை மட்டும்தான் பார்த்தது.

“எவனோ பாத்தாப் பாத்துட்டுப் போறான்” என்றாள். “அவனுக்கு நான் யாரோ. நீங்க எழுதி வச்சிருக்கீங்களேப்பா.”

நான் அதை மூட மவுசுக்குக் கை நீட்டினேன், அவள் தடுத்தாள்.

“அதுலயும் தப்புத் தப்பா.”

“எது தப்பு?”

அவள் திரையில் விரலை வைத்தாள். “மூணாவது, நிறம்னு போட்டிருக்கீங்க. அந்தக் காரணத்த மாப்பிள்ளைக்கு எடுத்துக் குடுத்ததே நான்தான். எனக்குப் பிடிக்கல. நான் சொன்னா வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, நீங்களே வேணாம்னு சொல்லிருங்கன்னு ஆபீஸ்லருந்து போன் பண்ணிக் கேட்டேன். என்ன காரணம் சொல்றதுன்னு முழிச்சாரு. நிறம்னு சொல்லுங்க, யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்கன்னேன்.”

மனைவி வாசற்படியிலிருந்து உள்ளே வந்துவிட்டாள்.

“அஞ்சாவதும் நான்தான். பல்வரிசை. எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. ஏழாவதும் பத்தாவதும் அப்படித்தான்.” திரையிலிருந்து விரலை எடுத்து, “ஏழாம் நம்பர் போட்டோவத் தேடாதீங்க. அவரு ஆபீசுக்கே வந்து குடுத்துட்டுப் போயிட்டாரு. என் டிராயர்ல இருக்கு” என்றாள்.

பதினொன்றில் நான்கு. என் உத்தியோக காலத்தில் இவ்வளவு பிழையுள்ள அறிக்கையை நான் மேலே அனுப்பியதே இல்லை. ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், இரண்டு வருடம் எங்கள் கண்ணெதிரே இதைச் செய்திருக்கிறாள். பூட்டு இல்லை, கடவுச்சொல் இல்லை. நான் தினமும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துகூட என்னிடம் சிக்கவில்லை. அறுபத்தைந்தாயிரம் கதவுள்ள பெட்டியைப் பார்த்து வியந்துகொண்டிருந்த நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தேழு வருடமாகப் பார்த்த முகம். அங்கே இன்னும் எத்தனை கதவுகள் என்று எனக்குத் தெரியவில்லை.

“அடிப்பாவி” என்றாள் மனைவி. மகளின் தோளில் ஒரு இடி இடித்துவிட்டு, “அந்த அஞ்சாவது பையன் எனக்கும் பிடிக்கலடி” என்றாள்.

பாய் கீழிருந்து ஒரு இருமல் இருமிவிட்டு மேலே வந்தார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், எது வேண்டுமோ அதை மட்டும் தனி சிடியில் எடுத்துத் தருகிறேன் என்றார். நாற்பத்தொரு கோப்பையும் மகள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் மழைக் குறிப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னாள். பட்டியல் வேண்டாம். படமும் வேண்டாம்.

“இனிமே பாக்கணுங்கிறவங்க வீட்டுக்கு வந்து பாக்கட்டும். நானும் பாக்கணும்ல” என்றாள்.

துடைக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புழு நுழையும் ஓட்டையை அடைக்கும் ஒட்டு மென்பொருளை முதலில் சிடியிலிருந்து போட்டார் பாய். அடுத்து வைரஸ் காவல். அடுத்து, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டலையும் நிறுத்தி எண்ணிக் காட்டும் தடுப்புச் சுவர். “முதல்ல கதவு, அப்புறம்தான் ரோடு சார். மாத்திச் செஞ்சா திரும்ப என்னையத்தான் கூப்பிடுவீங்க. எவனாவது சம்மதமான்னு கேட்டா, தயவுசெஞ்சு இல்லன்னு சொல்லிப் பழகுங்க.”

கடைசியாக வயரை மாட்டினார். மோடம் கரகரத்து லைனைப் பிடித்தது. மூவரும் நாற்காலியைச் சுற்றி நின்றோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தடுப்புச் சுவரின் எண் மாறியது. ஒன்று. இரண்டு. ஐந்து. எந்த நாட்டிலிருந்தோ, எந்தக் கடலைத் தாண்டியோ, என் பெயரும் மலையின் பெயரும் தெரியாத யாரோ எங்கள் மாடியறைக் கதவைத் தட்டினார்கள்; அது திறக்கவில்லை. மூன்று நிமிடம் கழிந்திருக்கும் என்று தோன்றியதும் நான் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன். அறுபது வந்தது. பெட்டி வரவில்லை. அறுபத்தொன்று என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“முடிஞ்சுச்சு சார். போதும், எண்ணாதீங்க” என்றார் பாய்.

மகளின் கல்யாணம் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதவா என்று அவளிடம் கேட்டேன். எழுதியதும் காட்டச் சொன்னாள். காட்டினேன். பென்சிலை எடுத்து மூன்று இடங்களை அடித்துக் கொடுத்தாள். அந்த மூன்றும் இதில் இல்லை. அவள் அடித்த தாளை அவளே வாங்கிக்கொண்டாள். நான் வேறு பிரதி எடுக்கவில்லை.