கால் முந்துகிறவன்

மேசையிலிருந்து தண்ணீர்ச் செம்பு சரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கை நீட்டுவதற்குள் புகழேந்தியின் இடது கால் நீண்டுவிட்டது. புறங்காலில் செம்பைத் தாங்கி, அலுங்காமல் தரையில் இறக்கினான். தண்ணீர் கொட்டியது கொட்டியதுதான். செம்பு மட்டும் நெளியவில்லை. "கைன்னு ஒண்ணு எதுக்குடா வச்சிருக்க?" என்றார் பஞ்சநதம். "மூட்டை தூக்கத்தான் மேஸ்திரி," என்றான்.

பஞ்சநதம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன்களுக்கு மேஸ்திரி. அவருடைய ஆட்களில் ஒருவன் புகழேந்தி. வருஷத்தில் ஏழெட்டு மாதம் அவன் கால்பந்து வீரன். ஒப்பந்தம் முடிந்து இன்னொரு கிளப் கூப்பிடுகிறவரை மூட்டை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? குறுவை நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு, என் முறை வருமென்று பதினாலு நாள் அங்கேயே தவம் கிடந்தவன் நான். நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் அவனைப் பார்த்தேன்.

வயது இருபத்தொன்பது. கேட்டால் இருபத்தேழு என்பான். "அது பந்து வயசுண்ணே," என்பான். இடதுபுறத் தடுப்பாட்டக்காரன். சென்னை, கோவா, ஷில்லாங் என்று ஆறு கிளப் பார்த்தாயிற்று, பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தபடி. பெரிய லீகில் அவன் மைதானத்துக்குள் நின்றது மொத்தம் இருநூற்றுப் பதினோரு நிமிடம். எந்த ஊரில் எத்தனை நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

ஒருமுறை அவன் கிளப் ஆடுவதை டிவியில் காட்டினார்கள். தெருவே கூடி உட்கார்ந்தது. தொண்ணூறு நிமிடமும் கோட்டுக்கு வெளியே மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்களோ என்று ஓடிக்கொண்டே இருந்தான். கடைசிவரை கூப்பிடவில்லை. அவன் அம்மா ராசம்மாளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "மத்தவனெல்லாம் விழுந்து விழுந்து எந்திரிச்சானுவ. எம்புள்ள ஒருத்தந்தான் விழாம ஓடுனான்," என்று இன்றைக்கும் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு, ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவான்.

களத்தில் அவனைச் சீண்டுவதற்கு எலுமிச்சம்பழம்தான். மத்தியானம் உப்புப் போட்டுப் பிழிந்து குடிக்க வாங்கி வைத்திருப்பார்கள். பஞ்சநதம் அதில் ஒன்றை எடுத்துச் சொல்லாமல் கொள்ளாமல் அவன் பக்கம் எறிவார். தோளில் மூட்டை இருந்தாலும் சரி, வாயில் சோறு இருந்தாலும் சரி, பழம் மண்ணைத் தொடுமுன் கால் தொட்டுவிடும். அப்படியே தட்டி அவர் மடிக்கே திருப்பி அனுப்புவான். "பந்தக் கையால தொட்டா எனக்குக் கூசுதுண்ணே. சின்ன வயசுலேருந்து அப்புடித்தான்."

அந்த இடது கால் முட்டியில்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. நாகூரிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் அஸார், விற்றது போக மிச்சமிருக்கும் ஐஸை அவனுக்கென்று எடுத்துவைப்பார். துணியில் சுற்றி முட்டிமேல் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருப்பான். கெளுத்தி மீன் நாற்றம் களம் முழுக்க வீசும். "பூனை வந்து கால நக்கப்போவுதுடா," என்பார்கள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான்.

நான் காத்துக் கிடந்த பத்தாவது நாள் அவனுக்கு போன் வந்தது. கேரளத்துக் கிளப் ஒன்று. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோழிக்கோட்டில் ஆடிக் காட்ட வேண்டும். முட்டியையும் டாக்டர் சோதிப்பாராம். போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "முப்பது ஆயிட்டா எவனும் கூப்புட மாட்டாண்ணே. இதான் கடைசி. வெள்ளிக்கிழமையோட மூட்டைய நிறுத்திடுறேன். மூணு நாள் முட்டிக்கு ஓய்வு குடுத்தா தாங்கிரும்."

சொன்னபடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். பஞ்சநதம் ஒரு எலுமிச்சம்பழத்தை அவன் சட்டைப் பையில் போட்டு அனுப்பினார்.

என் நேரத்தைப் பாருங்கள், மறுநாள் காலையில்தான் என் முறை வந்தது. நூற்று நாற்பது மூட்டை. கிழக்கே வேதாரண்யம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லோடுமேன்களில் ரெண்டு பேர் வரவில்லை. நெல் நனைந்தால் மூன்றே நாளில் முளை விட்டுவிடும். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே புகழேந்தி வீட்டுக்குப் போனேன். ராசம்மாள் வாசலிலேயே மறித்தாள். "அவன் வரமாட்டான்ங்க. முட்டிக்கு எண்ணெ போட்டு உக்காந்திருக்கான்." நான் கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "புகழு, என்னுத மட்டும் ஏத்தி விட்டுட்டுப் போய்யா," என்றேன். அவன் வானத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். எண்ணெயைத் துடைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு என் நெல் மட்டும்தான் தெரிந்தது. தூறல் விழுந்ததும், "ஓடுப்பா, ஓடுப்பா," என்று கத்திக்கொண்டே நின்றேன். கத்தினேன், வெட்கக்கேடு.

மூட்டை அடுக்கின்மேல் ஏறப் பலகை சாத்தியிருந்தார்கள். கால் வழுக்கினால் மூட்டையை உதறு, ஆளைக் காப்பாற்றிக்கொள்: எந்த லோடுமேனுக்கும் பஞ்சநதம் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். ஏழெட்டு மூட்டைதான் பாக்கி. ஈரப் பலகையில் புகழேந்திக்குக் கால் வழுக்கியது. "உதறுடா! உதறுடா!" என்று மேஸ்திரி அலறினார். பலகைக்குக் கீழே சேறும் தண்ணீரும். அவன் மூட்டையை விடவில்லை. இறுக்கிப் பிடித்தபடி இடது காலை ஊன்றினான். முட்டி திரும்பிய சத்தம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். மூட்டை அவன் மடியில் இருந்தது.

கட்டுப் போட்ட டாக்டர், பழையபடி ஓடுவதை மறந்துவிடச் சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமை காலை ரசீது வாங்கப் போனேன். களத்தோரம் புகழேந்தி, கட்டுப் போட்ட காலைச் சாக்குக் கட்டின்மேல் நீட்டிக்கொண்டு, கோணி ஊசியால் மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தான். தூக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கிற வேலை அது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால். "என்னாலதான்யா இவ்வளவும்," என்று எப்படியோ சொன்னேன். அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "நெல்லு ஒண்ணும் நனையலியேண்ணே?" என்றான்.

பஞ்சநதம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, எறிய மனம் வராமல், மெதுவாக அவன் பக்கம் உருட்டிவிட்டார். பழம் வந்து நல்ல காலின் பாதத்தில் முட்டி நின்றது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் பார்த்தார்கள். கால் அசையவில்லை. புகழேந்தி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தான். குனிந்து, பழத்தைக் கையால் எடுத்து, பஞ்சநதத்திடம் நீட்டினான்.