வரைபடத்தில் இல்லாத பாதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாவது வருடம், எனக்கு ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள் நான். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை ஊன்றுகோல்களில் நடந்தேன். நடந்தேன் என்பதைவிட என்னை நானே இழுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் சரி. இங்கே என் தோள்மூட்டுகளைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இப்படியே போனால் கைகளையும் இழப்பீர்கள், இனி நாற்காலியில் இருங்கள் என்றார்.

என்னோடு இருந்த அண்ணா அன்று சாப்பிடவில்லை. எனக்கு அப்படி ஒரு துக்கமும் இருக்கவில்லை. நாற்காலி வந்த முதல் வாரம் தனியே கடைக்குப் போய், ஒரு பை தக்காளி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஊன்றுகோல் பிடித்த கைகளால் எதையும் தூக்க முடியாது. என் வாழ்க்கையில் ஒரு பொருளைச் சுமந்துகொண்டு வீதியில் போனது அதுதான் முதல் தடவை.

நாங்கள் பார்க்டேலுக்குச் சற்று வடக்கே, ஒரு சப்வே நிலையத்துக்கு நான்கு வீதி தள்ளிக் குடியிருந்தோம். அண்ணா ஒரு பேக்கரியில் மாலை நேர வேலை செய்தார். நான் தட்டச்சுப் படித்து, நகரின் நடுவில் ஓர் அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டேன். மருத்துவர்கள் ஒலிநாடாவில் பேசி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. என் ஆங்கிலம் நன்றாக இருந்தது, விரல்களும் வேகம். அந்த மேசையில் இருக்கும்போது என் கால்களைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஆனால் அந்த மேசைக்குப் போய்ச் சேர வேண்டுமே. சப்வேயில் கால் மணி நேரப் பயணம்தான். நிலையத்தின் வாசலில் இருந்து டிக்கெட் கூடத்துக்கு இருபத்தாறு படிகள். அங்கிருந்து ரயில் மேடைக்கு இன்னொரு தொகுதி. என்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு வான் சேவை இருந்தது. அதற்கு முதலே போன் எடுத்துப் பதிய வேண்டும். எடுத்தால் லைன் கிடைக்காது, கிடைத்தால் இடம் இருக்காது. இடம் கிடைத்த நாளில் வான் நகரமெல்லாம் சுற்றி ஆட்களை ஏற்றி இறக்கி, என்னை ஒரு மணி நேரம் பிந்திக் கொண்டுபோய் விடும். மூன்று வாரத்தில் மேலாளர் என்னை இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார். நேரத்துக்கு வருவது ஒழுக்கம் என்று எனக்கு விளக்கினார்.

அதற்குப் பிறகு அண்ணா என்னைத் தூக்கத் தொடங்கினார். காலையில் என்னை முதுகில் சுமந்து படி இறங்கி, கீழே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, மேலே ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவருவார். இறங்கும் இடத்தில் அதையே திருப்பிச் செய்வார். பின்னேரம் அவருக்கு வேலை என்பதால், என் பயணம் முடிந்த கையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தால்தான் அவருக்கு நித்திரை உண்டு. திரும்பி வருவதற்கு எப்படியோ ஒரு வான் பிடிப்பேன். ஒரு நாள் டிக்கெட் கூடத்தில், அடுத்த படிகளின் தலைப்பில் நான் நாற்காலியில் இருக்க, அண்ணா டோக்கன் எடுக்கத் திரும்பிய நேரம், கோட் போட்ட ஒருவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பின்னாலிருந்து நாற்காலியைத் தூக்கினார். உதவி செய்கிறாராம். முன்சக்கரம் படியில் வழுக்கியது. நான் முகம் குப்புற விழுந்து, உதட்டுக்குக் கீழே நாடி வெடித்தது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த மனிதர் அண்ணாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார், இவவுக்கு ஒன்றும் இல்லையே என்று. விழுந்தவள் நான். கேள்வி அண்ணாவுக்கு. காயத்தைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

அடுத்த மாதம் அண்ணாவுக்கு முதுகு பிடித்தது. பத்து நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அந்தப் பத்து நாளில் என் வேலை போனது. கடிதத்தில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை, இனி வர வேண்டாம் என்பதை மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

வேலை போய் ஆறேழு மாதம் கழித்து, நிலையத்தின் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். நிலையத்தைத் திருத்தப் போகிறார்கள், எலிவேற்றர் வைக்கப் போகிறார்கள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இடையே மாறுவதை இலகுவாக்கப் போகிறார்கள், பொதுமக்கள் வந்து வரைபடங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம்.  அந்தச் சனிக்கிழமை நல்ல உடுப்பு உடுத்து, அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வரைபடங்களை டிக்கெட் கூடத்தில் வைத்திருந்தார்கள். இருபத்தாறு படிகளுக்குக் கீழே.

நான் மேல்படியில் நின்றேன். கீழே பலகைகளும் மேசைவிரிப்பும் கோப்பிக் குவளைகளும் தெரிந்தன. எலிவேற்றர் எப்படி இருக்கும் என்று படி இறங்கக்கூடியவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணா, நான் போய்ப் பார்த்துவந்து சொல்லுகிறேன் என்றார். வேண்டாம், அதை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன்.

அரை மணி நேரம் கழித்து ஓர் அதிகாரி சுருட்டிய தாளோடு வந்தார். இளம் ஆள், முகம் சிவந்திருந்தது. தாளை அண்ணாவிடம் நீட்டினார். நான் கையை நீட்டி வாங்கி, மடியில் விரித்தேன்.

வீதியிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து ரயில் மேடைக்கும் எலிவேற்றர் வரைந்திருந்தார்கள். அதுவரை சரி. ஆனால் பஸ் நிற்கும் இடம் கூடத்தின் மறுபக்கம், ஐந்து படி மேலே இருந்தது. அந்த ஐந்து படியும் வரைபடத்தில் அப்படியே கிடந்தன. ரயிலில் வந்த நான் பஸ் எடுப்பதென்றால் மறுபடி வீதிக்கு ஏறி, கட்டடத்தைச் சுற்றிப் போய், பஸ் உள்ளே வரும் பாதையால் நுழைய வேண்டும். அந்தப் பாதையில் ஆட்கள் நடக்கக்கூடாது என்று பலகை போட்டிருந்தது.

அந்த ஐந்து படியில் விரலை வைத்து, இங்கே நான் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் அதை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. இது பழைய கட்டடம், அடுத்த கட்டத்தில் யோசிப்போம் என்று அண்ணாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அடுத்த கட்டம் எப்போது என்றேன். அது இன்னும் முடிவாகவில்லை என்றார், அதையும் அண்ணாவைப் பார்த்தே. நான் உரத்துச் சொன்னேன், கேட்பது நான், என்னைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று. படியில் போன சனம் நின்று பார்த்தது.

அண்ணா அவரிடம், சொறி, இவ கொஞ்சம் கவலையில இருக்கிறா என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

 வீட்டு வாசலில் வைத்து அண்ணாவிடம் கேட்டேன்.

"எனக்காக நீங்கள் ஏன் சொறி சொன்னனீங்கள்?"

"சத்தம் போட்டா காரியம் நடக்குமே? இந்த நாடு எங்களுக்கு எவ்வளவு செய்திருக்கு. நன்றி வேண்டாமே?"

"நன்றி எண்டு சொல்லிக்கொண்டு நான் எத்தினை வருசம் மேல்படியில நிக்கிறது?"

 அவர் மடித்து வைத்திருந்த முதுகுப் பட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்காகப் போன முதுகு அது. அதைப் பார்க்கப் பார்க்க என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அண்ணாவின் முதுகை வைத்தா ஒரு நகரம் தன் நிலையத்தை நடத்துவது?

வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினேன். ஐந்து படியையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஒரு மட்டையில் ஒட்டி, ஒவ்வொரு சனிக்கிழமையும் நிலைய வாசலில் போய் இருந்தேன். முதல் நாள் என்னைப் பிச்சை கேட்பவள் என்று நினைத்து ஒருவர் மடியில் காசு போட்டார். திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டேன். முழங்கால் வருத்தமுள்ள ஒரு போர்த்துக்கீசக் கிழவி, சாமான் வண்டிலை மேலே விட்டுவிட்டு ஒவ்வொரு பையாகக் கீழே கொண்டுபோகிறவர், இரண்டாவது வாரம் ஒரு மடக்குக் கதிரையோடு வந்து என் பக்கத்தில் குந்தினார். அவருடைய ஆங்கிலம் பத்துச் சொல். அந்தப் பத்தையும் சத்தமாகச் சொல்வார். குழந்தை வண்டில் தள்ளிவந்த தாய்மார்களை அவர்தான் கையில் பிடித்து இழுத்துவந்து கையெழுத்து வைப்பித்தார். ஒரு நாள் வீட்டு மேசையில் மாப் படிந்த ஒரு தாள் கிடந்தது. பேக்கரியில் வேலை செய்பவர்களின் பெயர்களும் கையெழுத்துகளும் அதில் வரிசையாக இருந்தன. அண்ணா அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அதே அதிகாரி போன் எடுத்தார். ஐந்து படிக்குப் பதிலாகச் சாய்தளம் வரைந்திருப்பதாகச் சொன்னார். நான் நன்றி சொல்லவில்லை. எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டேன். கட்டி முடிக்கத் தசாப்தம் முடியும் தறுவாய் ஆகிவிட்டது. அதற்குள் நான் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ய ஒரு வேலை தேடிக்கொண்டேன். கிழவி மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

திறப்பு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். முன்வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, இது என் வேலை போக முன்னம் வந்திருக்க வேண்டும் என்றேன். கை தட்டுவதா விடுவதா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள்.

அன்றே எலிவேற்றரில் இறங்கி, யாரும் தொடாமல், நானாகவே ரயிலில் ஏறினேன். கிழக்கே கடைசி நிலையம் வரை போகலாம் என்று யோசனை. ஒவ்வொரு இடத்திலும் கதவு திறந்தது. ஒவ்வொரு மேடையிலும் படிதான் தெரிந்தது. கடைசி நிலையத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவரிடம் எலிவேற்றர் எங்கே என்று கேட்டேன். இங்கே இல்லை, வந்த ரயிலிலேயே திரும்பிப் போங்கள் என்றார். பாதையில் வேறு எங்கே இறங்கலாம் என்று கேட்டேன். அவர் யோசித்து, விரல் மடித்து எண்ணி, ஐந்து விரலைக்கூட முடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணா எங்கள் நிலையத்தின் மேடையில் நின்றார். எப்படி இருந்தது என்று கேட்டார்.

"ஏறலாம். இறங்கத்தான் ஏலாது. ஒரு ஸ்ரேசனிலயும் எலிவேற்றர் இல்லை மாதிரித்தான்."

 நான் அதுவரை அவர் வாயில் கேட்டிராத ஒரு குரலில், "அப்ப உவங்கள் என்னத்துக்குப் படம் எடுத்தவங்கள்?" என்றார்.