வெடிக்குப் பிறகு இரண்டு விநாடி

போன வாரம் பெங்களூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் கார் வந்து நின்றதும் வாசலில் அணுகுண்டு வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். புகை எழுந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. ஒரே ஒரு ஆள் மட்டும்... சுவரில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். உதடு லேசாக அசைந்தது.

பக்கத்தில் போய், "ஊரு கேஜிஎப்பா?" என்றேன்.

"ஆமாங்க, அங்க ஸ்கெலட்டன் ஏரியா. எப்டி கண்டுபுடிச்சீங்க?"

இதற்கு ஜோசியமா தெரிய வேண்டும்? தங்கவயலில் பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிவதை 'ஏர் பிளாஸ்ட்' என்போம். 'டம்' என்று ஒரு சத்தம். அலமாரிப் பாத்திரங்கள் நடுங்கும். உடனே யாராக இருந்தாலும் பக்கத்துச் சுவரில் கைவைத்து நின்றுவிடுவோம். இரண்டே விநாடி. அதற்குள், கீழே ஷிப்டில் இருக்கும் நம் வீட்டு ஆளின் பெயரை வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். யார் ஆரம்பித்து வைத்தார்களோ... சர்ச்சுக்குப் போகிறவர்களும் சொல்வார்கள், புத்தர் படம் மாட்டியவர்களும் சொல்வார்கள்.

அந்த இரண்டு விநாடிதான் ஒரு காலத்தில் என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

தங்கக் கட்டி போகும் வண்டிக்குக் காவல் வேலை. அதற்கு ஒரு பரீட்சை — ரிவால்வரில் ஆறு குண்டு, பத்து விநாடி, ஆறும் அட்டையில் விழ வேண்டும். தோற்றால் பழையபடி கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான். ஐந்து வருஷம் கீழே இருந்தவன் நான். மறுபடி இறங்கப் பயம். இதில் என்ன வெட்கம்?

எனக்குக் குறி தப்பாது. ஆனால் பதினெட்டு விநாடி ஆனது. ஸ்டாப்வாட்ச் பிடித்த சுபேதார் குடகுக்காரர். "இந்த ஊர் ஆளுங்க ஒண்ணு சுட்டா சிலை மாதிரி நிக்கிறாங்க. ஏம்ப்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மாதம் டைம் கொடுத்தார்.

மரத்தில் ஒரு துப்பாக்கி செதுக்கி வாங்கினேன். விசையைச் சுண்டி இழுக்காமல் அழுத்துவது, துப்பாக்கி எகிறிக் குறி திரும்பி வருவதாக நினைத்து அதுவரை விரலை எடுக்காமல் இருப்பது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக... தினம் நூறு தடவை. வீட்டில் எட்டே விநாடி! மைதானத்துக்குப் போய் நிஜக் குண்டு சுட்டால்? அதே பதினெட்டு.

ஒருநாள் பயிற்சியின் நடுவே என் மனைவி ஸ்டெல்லா கையிலிருந்து குண்டான் விழுந்தது. நான் நின்றுவிட்டேன்.

"இன்னாங்க, சத்தம் கேட்டா உங்க அண்ணன் பேர சொல்லினு நிக்கிறீங்க? அங்கயும் இதான் பண்றீங்களா?"

அதேதான்! ஒவ்வொரு குண்டுக்கும் 'சாலமன், சாலமன்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அண்ணன் அப்போதும் கீழேதான் வேலை பார்த்தான்.

அன்று முதல் அவள் என் முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் டின்னைத் தடியால் அடிப்பாள். நான் நிற்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. மூன்றாவது வாரம் ஒரு விசித்திரம் — திரும்பிப் பார்த்தால் தடி இறங்குகிறது, டின் அதிர்கிறது, சத்தம் மட்டும் இல்லை.

"போதுங்க. எனக்கே ஒரு மாதிரியா கீது," என்றாள் ஸ்டெல்லா. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பரீட்சையில் ஒன்பது விநாடி. பாஸ்!

அன்று மத்தியானமே ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். பஜாரே நின்றுவிட்டது. தராசைத் தூக்கிய கை தூக்கியபடி. சவரக் கத்தி பாதிக் கன்னத்தில். சுவரெல்லாம் உள்ளங்கைகள். அத்தனை உதடுகளும் அசைகின்றன, ஒரு சத்தம் இல்லை. நான் ஒருவன் மட்டும் நடந்துகொண்டிருக்கிறேன். செத்துப்போய்விட்டேனோ என்றுகூடத் தோன்றியது. வளையல் கடைச் சுவரில் கைவைத்து நின்ற அண்ணி, நான் நடப்பதையே பார்த்தாள். அவள் உதடும் அசைந்தது.

பிறகுதான் சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியது. அது கேட்டது.

அண்ணனை மறுநாள் காலையில் மேலே கொண்டுவந்தார்கள். கால் போயிருந்தது, உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைக் குனியச் சொன்னான்.

"கல்லு உழுந்ததும் மேலருந்து பேரு கூப்டுற சத்தம் கேட்டுதுடா. உங்க அண்ணி கூப்ட்டா. அம்மாகூட கூப்ட்டாங்க. உன் கொரலதான் தேடினே இருந்தேன்..."

எங்கள் அம்மா செத்து அப்போது ஆறு வருஷம்.

காவல் வேலையில் பதினோரு வருஷம் இருந்தேன். ஒரு தடவைகூடச் சுட வேண்டி வரவில்லை. காதில் ஒரு பழுதும் இல்லை என்கிறார் டாக்டர். குண்டூசி விழுந்தாலும் கேட்கிறதே, பிறகென்ன என்கிறார்.

கல்யாண வீட்டில் அந்த ஸ்கெலட்டன்காரர் விடவில்லை. "நீங்களும் நம்ம ஊருதானே? அப்ப வெடி வெடிச்சப்ப நீங்க ஏன் நிக்கல?"

வெடித்தது என்பதே, அவர் நின்றதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.