வெள்ளைக் குட்டியின் செவி

இத்தாள்களைப் பின்னாளில் காணப்போகும் ஐயா, அம்மையீர், ஒரு நாய்க்குட்டிக்குக் காது கேட்குமா என்றறிய நான் பட்ட பாட்டைத் தங்கள் முன் வைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், போடிக்கு மேலே மலைச் சரிவிலிருந்த ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்புக்கு விறகிடும் வேலை எனக்கு. அந்தக் கதகதப்பை நாடித் தோட்டத்துக் காவல் நாய் அங்கேயே நான்கு குட்டிகளை ஈன்றது. மூன்று கறுப்பு, ஒன்று முழு வெள்ளை.

எங்களை வேலை வாங்கும் கங்காணி, அடிவாரத்துத் தேவாரம் ஊர்க்காரர். யானை இறங்கும் அப்பகுதியில், பின்னால் நின்று தகரத்தைத் தட்டி, குட்டி திரும்பினால்தான் காவலுக்கு வாங்குவர். அவர் நான்காம் நாளே தகரத்தோடு வந்துவிட்டார். தட்டினார், ஒன்றும் அசையவில்லை. நான்கும் செவிடு, ஓடையில் விட்டுவிடு என்றார். மாதம் கடந்த குட்டிகளையே அவர் அதுவரை சோதித்திருந்தார்.

நான் ஒரு குட்டியின் காது மடலை விரித்துக் காட்டினேன். உள்ளே துளையே தெரியவில்லை, தோல் ஒட்டியிருந்தது.

“கண்ணுந்தான் இன்னும் தெறக்கல. அதுக்காகக் குருடுன்னா சொல்லுவோம்ண்ணே?”

அவர் சிரித்துவிட்டு இரண்டு வாரம் தவணை தந்தார்.

அந்நாட்களில் நான் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. விறகைத் தள்ளிவிட்டு ஓடிவருவேன், கைதட்டுவேன், மீண்டும் அடுப்புக்கு ஓடுவேன். முதலில் கண்கள் திறந்தன. பிறகொரு காலையில் நான்கின் மடல்களுக்குள்ளும் துளை தெரிந்தது. தகரத்தைத் தட்டினேன். கறுப்புக் குட்டிகள் மூன்றும் துள்ளி விழுந்தன. வெள்ளைக் குட்டி பால் குடிப்பதை நிறுத்தவில்லை.

அதற்கு மட்டும் இன்னும் நான்கு நாள் கேட்டேன். பின்னர் மேலும் நான்கு. ஒருமுறை பின்னால் நின்று தட்டியபோது அது திரும்பியது. மகிழ்ந்துபோனேன். உடனே ஐயமும் வந்தது. பலகைத் தரை அதிர்ந்திருக்கலாம். சாக்குகளை அடுக்கி, மேலே அதைக் கிடத்தித் தட்டினேன். அசையவில்லை.

கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்ளே, யானை வந்து மிதிக்கிற வரைக்கும் இது தூங்கும். இத வச்சு என்ன சோலி? ஓடைக்கு நீ போறியா, நான் போகவா?”

“நானே கொண்டு போறேன்ண்ணே. ஓடைக்கில்ல, போடிக்கு.”

அன்றே ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில், சட்டைக்குள் அதை வைத்துக்கொண்டு இறங்கி வீட்டில் சேர்த்தேன்.

பல்லாண்டு கழித்து, நானாகத் தேடிப் படித்த உடலியல் நூல்களில் விடை கிடைத்தது. பிறந்த பின்னரே உட்செவியின் நுண்குழலில் உள்ள நீரில் பொட்டாசியம் என்னும் உப்புப்பொருள் மிகுந்து மின்னழுத்தம் ஏறுகிறதாம். அதன் பிறகே ஒலி புலனாகும். அதை ஏற்றி நிறுத்தும் திசுவுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் தேவை. முழு வெள்ளையான சில குட்டிகளுக்கு அவை அங்கே அமைவதில்லை. வெளியே துளை திறந்தும் உள்ளே நீர் பக்குவப்படவில்லை போலும்.

அதைப் படித்தபோது நாய் உயிருடன் இல்லை. அது எங்களோடிருந்த ஒன்பது ஆண்டுகளும், பஸ்சின் ஹாரனுக்கும் விழிக்காமல் வாசலில் உறங்கியது. நானோ, அதன் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதைக் கடைசி வாரம் வரை விடவில்லை.

இத்தாள்களை எறியாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.