ராஜாவுக்குப் போட்ட ஊசி

சேகர், மல்லிகா... ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டிலிருந்து வந்ததிலிருந்து அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் கோதண்டத்தைப் பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான்.

“இன்னா மாமே, ஊசி வச்சிகினு கீறியா?” என்று சிரித்தான்.

அதற்குள் ரயில் வந்தது. ஏறிவிட்டேன்.

உங்களுக்கு அவனைத் தெரியாது. ஒரு காலத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில் அவனைத் தெரியாதவர்களே கிடையாது! ஃபேக்டரி ஆயுத பூஜை நாடகத்தில் அவன்தான் ராஜா. சேக்காட்டிலிருந்தெல்லாம் பாயோடு வந்து இடம் பிடிப்பார்கள். நான்? திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன். முதல் வார்த்தையைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவன் முழங்குவான்.

ஒரு வருஷம் ஒத்திகையில் மேடையிலிருந்து விழுந்தான். இடுப்பில் அடி. டாக்டர் பெத்தடின் ஊசி எழுதினார் – அபினுக்கு உறவுக்கார மருந்து. “மூணே நாள்” என்றார். கம்பவுண்டரிடம் ஊசி போடக் கற்றிருந்தேன். நானே போட்டேன்.

நாலாம் நாள் அவனே மருந்தோடு வந்தான்.

“நாடகம் முடியட்டும், உட்டுர்றேன் மாமே. ராஜா குனிஞ்சிகினு நடந்தா ஜனம் சிரிக்காதா?”

மருந்து எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. நாடகம் நடக்க வேண்டுமே!

நடந்தது. இடுப்பும் தேறியது. இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். ஆனால் சாயங்காலமானால் என் வாசலில் நிற்பான். “வலிக்குது மாமே...”

ஒரு நாள் அவனுக்குத் தெரியாமல் வெறும் தண்ணீரை ஏற்றினேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு! கொஞ்ச நேரத்தில் வியர்த்து எழுந்தான்.

“என்கிட்டயே நாடகமா? நீயுமா மாமே?”

அதோடு வரவில்லை. ஊசி போட வேறு ஆள் தேடிக்கொண்டான். பிறகு வேலை போயிற்று, குவார்ட்டர்ஸும் போயிற்று. டாக்டரிடம் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை... இல்லை, என் பெயரும் வெளியே வருமே என்று பயம்.

அரசர்கள், தளபதிகள், கவிஞர்கள் என்று எத்தனையோ பேர் வலிக்கு அபினைத் தொட, அது அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டதாம். லைப்ரரியில் படித்தேன். ஏன் பெயர் பெற்றவர்களுக்கு இப்படி? எதிரே கூட்டம் காத்திருக்கிறது. ‘எனக்கு வலிக்கிறது’ என்று சொல்ல அவர்களை யார் விட்டோம்?

நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி வேப்பம்பட்டு போனேன். டாக்டரிடம் அழைத்துப் போவதாகத்தான் எண்ணம். பெஞ்சு காலி. “அந்த ஆளா? ரெண்டு நாளா காணோம் சார்” என்றார் டீக்கடைக்காரர். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிளாட்பாரத்தில் யாரும் இல்லாதபோது, அவன் மேடை ஏறும் வசனத்தின் முதல் வார்த்தைகளை மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்.

“கோட்டைக் கதவை...”